நாலு வருஷ ஆட்டத்துக்கு ஹால் ஆஃப் ஃபேமா? டெரல் டேவிஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் நடக்கும் ஞாயிறு அன்று எங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். பாதிப் பேர் ஆட்டத்துக்கு வருவார்கள், பாதிப் பேர் பஜ்ஜிக்கு. ஆட்டம் தொடங்குவதற்குள் யாராவது ஒருவர் ஹால் ஆஃப் ஃபேம் பேச்சை எடுப்பார். அடுத்த ஐந்தாவது நிமிடம் டென்வர் பிராங்கோஸ் அணியின் முன்னாள் ரன்னிங் பேக் டெரல் டேவிஸ் பெயர் வந்து நிற்கும். 2017-லேயே அவரைச் சேர்த்து முடிந்துபோன விவகாரம்தான். ஆனாலும் வருடா வருடம் புதிதாக யாராவது வந்து அதே கேள்விகளைக் கேட்கிறார்கள், நானும் அதே பதில்களைச் சொல்கிறேன். இந்த முறை எழுதி வைத்துவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் அங்கே இருக்க வேண்டியவர் என்பது என் கட்சி. எதிர்க்கட்சியின் வாதத்திலும் நியாயமான இடங்கள் உண்டு, அவற்றை மறைக்கவில்லை.

ஹால் ஆஃப் ஃபேம்னா என்ன? விருதா, மியூசியமா?

இரண்டும்தான். அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீக் 1920-ல் பிறந்தது ஒஹாயோ மாநிலத்து கேன்டன் என்ற ஊரில். அதே ஊரில் 1963-ல் திறந்த மண்டபம் இது. தேர்வாகிறவருக்குத் தங்க நிறக் கோட்டு ஒன்று கிடைக்கும், மண்டபத்துக்குள் மார்பளவு வெண்கலச் சிலை வைப்பார்கள்.

ஆட்டத்தை விட்டு ஐந்து வருடம் ஆன பிறகுதான் ஒருவருடைய பெயரையே எடுப்பார்கள். ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் விளையாட்டுச் செய்தியாளர்கள். டேவிஸ் தேர்வான வருடம் 48 பேர் இருந்தார்கள். அப்போதெல்லாம் கடைசிச் சுற்றுக்கு வந்த 15 பேரைப் பத்தாக்கி, பத்தை ஐந்தாக்கி, பிறகு ஒவ்வொருவருக்கும் ஆம், இல்லை என்று ஓட்டு. நூற்றுக்கு 80 பேர் ஆம் சொல்ல வேண்டியிருந்தது. அண்மைக் காலத்து வீரர்களுக்கு அப்போது வருடத்துக்கு ஐந்து இடம்தான் அதிகபட்சம். இந்த ஐந்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரன்னிங் பேக் என்ன பண்ணுவார்? யார்ட் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடலை.

பந்தைக் கையில் வாங்கி, இடுக்கிக்கொண்டு, எதிரே நிற்கும் 11 பேருக்கு நடுவே சந்து தேடி ஓடுகிறவர் ரன்னிங் பேக். யார்ட் என்பது நம் கெஜம், மூன்றடி. நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறினால் பந்து உங்களிடமே இருக்கும். ஆகவே ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 4 யார்ட் எடுத்தால் குறை சொல்ல முடியாது, 5 எடுத்தால் ஊர் பேசும். ஒரு சீசனில் 1,000 யார்ட் மரியாதையான எண். 2,000 யார்டைத் தொட்டவர்கள் 2024 சீசன் வரை மொத்தம் ஒன்பதே பேர்.

உடம்பு அதிகம் அடிபடுகிற இடமும் இதுதான். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குகள் நாற்பது வயதிலும் ஆடுகிறார்கள். ரன்னிங் பேக்குக்கு முப்பது என்றாலே 'வயசாச்சு' என்பார்கள்.

யார் இந்த டெரல் டேவிஸ்? அவ்வளவு பெரிய ஆளா?

சான் டியேகோவில் வளர்ந்தவர். முதலில் சேர்ந்த லாங் பீச் கல்லூரி தன் கால்பந்து அணியையே கலைத்துவிட, ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1995-ல், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், டென்வர் அணி அவரை ஆறாவது சுற்றில், 196-ஆவது ஆளாக எடுத்தது. அந்த இடத்தில் எடுக்கப்படுகிறவர்களில் பலர் செப்டம்பருக்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அவரும் கிட்டத்தட்ட போயிருப்பார். சீசனுக்கு முந்தைய காட்சி ஆட்டம் ஒன்றுக்காக அணி டோக்கியோ போயிருந்தது. ரன்னிங் பேக் வரிசையில் இவர் கடைசிக்குப் பக்கத்தில். மனம் வெறுத்துப்போய் அன்றிரவே ஊருக்குக் கிளம்பிவிட நினைத்தாராம். மொழி தெரியாத ஊரில் விமானத்துக்கு ஏற்பாடு செய்யத் தெரியாமல் தங்கிவிட்டேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மறுநாள் சான் ஃபிரான்சிஸ்கோ அணி ஆள் ஒருவர் பந்தை வாங்கித் திருப்பி ஓடி வரும்போது இவர் நேரே போய் மோதிய மோதலில் அந்த ஆள் அப்படியே பின்னால் விழுந்தார். பயிற்சியாளர் மைக் ஷானஹன் அன்றுதான் இவரை ஏறெடுத்துப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். சீசனின் முதல் ஆட்டத்தில் முதல் ரன்னிங் பேக்காக இறங்கியவர் டேவிஸ்.

ஒரு டேக்கிளில், அதாவது பந்தோடு ஓடுகிறவரை மோதிப் பிடிப்பதில், பிழைத்தவர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டேக்கிளில்தான் முடிந்தும் போனார்.

மொத்தமே நாலு வருஷம்தானே ஆடினார்?

காகிதத்தில் ஏழு சீசன், 78 ஆட்டம், 7,607 யார்ட், 60 ஓட்ட டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது). ஆனால் நீங்கள் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் நாலு வருடக் கணக்கைப் பாருங்கள்: 1995-ல் 1,117 யார்ட், அடுத்த வருடம் 1,538, அடுத்து 1,750, 1998-ல் 2,008. ஏறிக்கொண்டே போகிற படி. 61 ஆட்டத்தில் 6,413 யார்ட், அதாவது ஆட்டத்துக்கு 105. மிச்சமிருந்த மூன்று வருடத்தில் 17 ஆட்டம், 1,194 யார்ட். அதை அவர் பெயரில் எழுதவே மனம் வரவில்லை.

அந்த நாலு வருடத்துக்குள் லீக்கின் சிறந்த தாக்குதல் வீரர் விருது இரண்டு முறை (1996, 1998), மதிப்புமிக்க வீரர் விருது ஒரு முறை (1998), முதல் தர ஆல்-ப்ரோ (வருடத்தின் சிறந்த வீரர்கள் பட்டியல்) தொடர்ந்து மூன்று முறை, சூப்பர் பவுல் வெற்றி இரண்டு, அதில் ஒன்றின் ஆட்ட நாயகன். சிலருக்குப் பதினைந்து வருடத்திலும் இதில் பாதி வாய்க்காது.

இத்தனை வருஷம் ஆடியிருக்கணும்னு விதி ஒண்ணும் இல்லையா?

இல்லை. பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் பத்து சீசன் கட்டாயம். கால்பந்தில் அப்படி ஒன்றும் கிடையாது. 'ரொம்பக் குறைவு' என்பது விதிப் புத்தகத்தில் இல்லை, ஓட்டுப் போடுகிறவர் மனதில் இருக்கிறது. சண்டையெல்லாம் அதனால்தான்.

இவருக்கு முன்னாடி இப்படி யாரையாவது சேர்த்திருக்காங்களா?

கேல் சேயர்ஸ். டேவிஸுக்கு வக்காலத்து வாங்குகிற எவரும் முதலில் இழுக்கும் பெயர். சிகாகோ பேர்ஸ் அணிக்கு 1965 முதல் 1971 வரை 68 ஆட்டம், 4,956 யார்ட், அவ்வளவுதான். டேவிஸை விடப் பத்து ஆட்டம் குறைவு. இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. ஆனாலும் 1977-ல் 34 வயதில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மண்டபத்தில் அவ்வளவு இளவயதில் நுழைந்தவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை.

ஏன் சேர்த்தார்கள் என்பது அவர் ஓடுவதை ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும். 1965 டிசம்பரில், சேறாகக் கிடந்த சிகாகோ மைதானத்தில், மற்றவர்கள் வழுக்கி விழுந்துகொண்டிருக்க, முதல் வருடப் பையன் ஒருவன் ஆறு டச்டவுன் அடித்தான். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் மற்றவர்களெல்லாம் சேற்றில் ஓடுகிறார்கள், இவர் மட்டும் வேறெங்கோ ஓடுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், சேயர்ஸ் ஒரே ஒரு ப்ளே-ஆஃப் (சீசன் முடிந்ததும் வரும் நாக்-அவுட் சுற்று) ஆட்டம்கூட ஆடியதில்லை. அவர் காலத்தில் சிகாகோ அந்தப் பக்கமே போகவில்லை. ஆக, சேயர்ஸ் கண்ணுக்கு அழகாக ஓடியதற்காக உள்ளே போனவர். டேவிஸ் ஜெயித்துக் கொடுத்ததற்காகப் போனவர். இரண்டு பேருக்கும் ஆயுள் குறைவு என்பதுதான் பொது, கதை வேறு வேறு. 'சேயர்ஸைச் சேர்த்தீங்க, இவரையும் சேருங்க' என்று வாதாடுவது சுலபம், ஆனால் அது டேவிஸின் வழக்குக்குப் பலம் சேர்க்காது என்பது என் எண்ணம்.

தகுதி இருந்தா ஏன் 2017 வரைக்கும் இழுத்தடிச்சாங்க?

2002 ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் ஒத்துழைக்காமல் நிறுத்திக்கொண்டார். 2007-லிருந்து பெயர் பட்டியலில் இருக்கிறது. கடைசி 15-க்குள் முதன்முதலில் வந்ததே 2015-ல்தான். மூன்றாவது முறையாக வந்தபோது, 2017 பிப்ரவரியில் கதவு திறந்தது.

முதல் பதிலில் சொன்ன ஐந்து இடக் கணக்குதான் பெரிய காரணம். வரிசையில் முன்னால் நின்ற ரன்னிங் பேக்குகளைப் பாருங்கள்: 14,101 யார்ட் எடுத்த கர்ட்டிஸ் மார்ட்டின் 2012-ல் போனார், 13,662 எடுத்த ஜெரோம் பெட்டிஸ் 2015-ல் போனார். இவர்கள் எடுத்ததில் ஏறத்தாழப் பாதியை வைத்திருப்பவரை முன்னால் விடு என்று கேட்பது லேசான காரியமில்லை. இன்னொரு காரணம் பயம். இவரை விட்டால் பின்னால் யாரெல்லாம் கேட்பார்களோ என்ற பயம். அது நியாயமான பயமா என்பதைக் கீழே பார்ப்போம்.

ப்ளே-ஆஃப், ப்ளே-ஆஃப்னு சொல்றீங்களே, எட்டு ஆட்டம்தானே?

எட்டுதான். ஆனால் இந்த வழக்கின் உயிர்நாடியே அந்த எட்டுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் ஆட்டம் 1996 சீசனில். ஜாக்சன்வில் அணியிடம் 30-27 என்று டென்வர் தோற்றது. அதில் டேவிஸ் 91 யார்ட். அதற்குப் பிறகு ஏழு ஆட்டம், ஏழிலும் வெற்றி, ஏழிலும் நூறுக்கு மேல். மறு வருடம் அதே ஜாக்சன்வில் வந்தபோது 184. கான்சஸ் சிட்டியில் 101, பிட்ஸ்பர்க்கில் 139, சூப்பர் பவுலில் கிரீன் பேவுக்கு எதிராக 157. அடுத்த வருடம் மயாமிக்கு எதிராக 199, நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராக 167, சூப்பர் பவுலில் அட்லாண்டாவுக்கு எதிராக 102. கூட்டினால் 1,140 யார்ட், 12 டச்டவுன், ஆட்டத்துக்கு 142.5.

வழக்கமான சீசனில் ஆட்டத்துக்குச் சுமார் நூறு எடுத்தவர், எதிரணிகள் கெட்டியாகும் ஜனவரி ப்ளே-ஆஃபில் அதற்கும் மேலே போகிறார். 1998 சீசனையும் அதன் ப்ளே-ஆஃபையும் சேர்த்தால் 2,476 யார்ட். அந்தச் சாதனையை முறியடிக்க 2024 சீசனில் ஃபிலடெல்ஃபியாவின் சேக்வான் பார்க்லி வர வேண்டியிருந்தது. 2,000 யார்ட் எடுத்த அதே சீசனில் சூப்பர் பவுலும் வென்றவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

சூப்பர் பவுல்ல கண்ணு தெரியாம ஆடினார்னு சொல்றாங்களே, அது கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை, படத்திலேயே பதிவாகியிருக்கிறது. 1998 ஜனவரி 25, இடம் சான் டியேகோ, அவர் பிறந்து வளர்ந்த ஊர். சிறு வயதிலிருந்தே அவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. முதல் குவார்ட்டர் (ஆட்டத்தின் கால் பகுதி) முடிகிற நேரத்தில் தலைக்கவசத்தில் ஓர் அடி, பார்வை மங்க ஆரம்பித்தது. பந்து கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் இருக்கிறது. எனக்குக் கண் தெரியவில்லை என்று ஷானஹனிடம் சொல்கிறார். பார்க்க வேண்டாம், பந்து உனக்கு வராது, நீ நிற்காவிட்டால் நாம் ஓடப்போகிறோம் என்று அவர்கள் நம்ப மாட்டார்கள், போய் நில் என்கிறார் பயிற்சியாளர். போய் நிற்கிறார், பந்து இல்லாத கையோடு கூட்டத்துக்குள் பாய்கிறார். கிரீன் பே மொத்தமும் அவர் மேல் விழ, டென்வர் குவார்ட்டர்பேக் ஜான் எல்வே பந்தோடு வலப்பக்கம் நடக்காத குறையாகப் போய் டச்டவுன் வைக்கிறார்.

இரண்டாவது குவார்ட்டர் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தார். இடைவேளைக்குப் பிறகு வந்தார், முதல் ஓட்டத்திலேயே பந்தை நழுவவிட்டார். கிரீன் பே அதை வைத்து மூன்று புள்ளி எடுத்து 17-17 என்று சமன் செய்தது. (இவருடைய ரசிகர்கள் இந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிப் போவார்கள்.) அப்புறம் இரண்டு டச்டவுன். கடைசியானது இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது. நேரத்தை மிச்சப்படுத்த எதிரணியே வழிவிட்டு நின்றது. 31-24. மூன்று ஓட்ட டச்டவுன் அதற்கு முன் எந்த சூப்பர் பவுலிலும் யாரும் எடுத்ததில்லை. ஒரு குவார்ட்டர் ஆடாமல் எடுத்தது அது.

அந்த டென்வர் லைன் பின்னாடி யார் ஓடினாலும் 1,000 யார்ட் வருமே?

எதிர்க்கட்சியின் பலமான கேள்வி இதுதான், இதற்குப் பாதி தலையாட்டித்தான் ஆக வேண்டும். லைன் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸ் கற்றுக்கொடுத்த முறையில், முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் ஐந்து லைன்மேன்களும் ஆளைக் குறிவைக்காமல் ஒரே திசையில் சரிந்து இடத்தைப் பிடிப்பார்கள். ஓடுகிறவர் பொறுமையாகக் கூடவே போய், சந்து திறந்ததும் ஒரே ஒரு வெட்டு வெட்டி மேலே ஏற வேண்டும். டேவிஸுக்கு அடிபட்ட 1999-ல் ஒலாண்டிஸ் கேரி 1,159 எடுத்தார். 2000-த்தில் மைக் ஆண்டர்சன் 1,487, அவரும் ஆறாவது சுற்று ஆள். பிறகு கிளின்டன் போர்ட்டிஸ் இரண்டு வருடமும் 1,500-க்கு மேல். இத்தனை பேர் வரிசையாக எடுத்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

ஆனால் 1,159-க்கும் 2,008-க்கும் நடுவே இருப்பதை லைன் கணக்கில் எழுத முடியாது. லைன் அதே லைன்தானே. இன்னொன்று, டேவிஸ் போன பிறகு டென்வர் ஒரு ப்ளே-ஆஃப் ஆட்டம் ஜெயிக்க 2006 ஜனவரி வரை ஆனது. எல்வேயும் 1999-ல் ஓய்வு பெற்றுவிட்டார், அதனால் முழுப் பழியும் ஒருவர் இல்லாததால் வந்தது என்று சொல்ல மாட்டேன். யார் வேண்டுமானாலும் ஆயிரம் எடுக்கலாம் என்பது சரி. யார் வேண்டுமானாலும் ஜனவரியில் ஆட்டத்துக்கு 142 எடுக்கலாம் என்பதற்குத்தான் சாட்சி இல்லை.

எல்வே மாதிரி ஒரு குவார்ட்டர்பேக் இருந்தா யாருமே ஜெயிப்பாங்களே?

எல்வே இதற்கு முன் மூன்று சூப்பர் பவுல் போனார். 39-20, 42-10, 55-10. மூன்றும் தோல்வி, ஒன்றைவிட ஒன்று மோசம். அப்போதும் அவர் எல்வேதான். பக்கத்தில் இப்படி ஓடுகிற ஆள் இல்லை, அவ்வளவே.

மேலே சொன்ன கிரீன் பே ஆட்டத்தில் எல்வேக்கு 22 வீச்சில் 12 கைக்குப் போனது, 123 யார்ட், வீசி எடுத்த டச்டவுன் ஒன்றுகூட இல்லை. வயது 37. அன்று அணியைத் தூக்கியவர் டேவிஸ். மறு வருடம் எல்வே அடிபட்டு உட்கார்ந்தபோது மாற்று ஆள் பபி பிரிஸ்டர் தொடங்கிய நாலு ஆட்டத்தையும் டென்வர் ஜெயித்தது. சரி, ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: அந்த வருட சூப்பர் பவுலில் எல்வே 336 யார்ட் வீசினார், நாயகன் அவர்தான்.

அடிபடாம இருந்திருந்தா எவ்வளவோ எடுத்திருப்பார்னு சொல்றது ஒரு வாதமா?

வாதமே இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே அவருடைய ஆட்கள் பல வருடம் வழக்கைக் கெடுத்தார்கள். எடுக்காத யார்டுக்குச் சிலை வைக்க முடியாது. எடுத்ததே போதும் என்றுதான் வாதாட வேண்டும்.

அடிபட்ட விதம் மட்டும் மனதை விட்டுப் போகாது. 1999 அக்டோபர் 3, சீசனின் நாலாவது ஆட்டம், எதிரில் ஜெட்ஸ். எல்வே இடத்துக்கு வந்த பிரையன் கிரீஸி வீசிய பந்தை விக்டர் கிரீன் பறித்துக்கொண்டு ஓடுகிறார். டேவிஸ் துரத்திப் பிடிக்கப் போகிறார். அந்த நெரிசலில் வலது முழங்காலில் இரண்டு தசைநார்கள் கிழிந்தன. 26 வயது. டோக்கியோவில் எந்த வேலையைச் செய்து பெயர் வாங்கினாரோ, அதே வேலை.

ஷானஹன் அவரை ஓட்டி ஓட்டித்தான் முழங்காலைக் கெடுத்தார்னு சொல்றாங்களே?

ஓட்டியது உண்மை. 1997, 1998 இரண்டு வருடத்தில், ப்ளே-ஆஃபும் சேர்த்து, 951 முறை பந்தைக் கையில் கொடுத்திருக்கிறார். மாட்டைக்கூட அப்படி ஓட்ட மாட்டார்கள். ஆனால் முழங்கால் போனது பந்தைச் சுமந்து அல்ல, மேலே சொன்னபடி ஆளைப் பிடிக்கப் போய். இரண்டுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தைரியம் இல்லை.

அப்போ பிரீஸ்ட் ஹோம்ஸ் என்ன பாவம் பண்ணினார்? ஜமால் சார்ல்ஸ்?

வாங்க, இதுதான் அசல் கேள்வி. கான்சஸ் சிட்டியின் ஹோம்ஸ் 2001 முதல் 2003 வரை எடுத்தது 1,555, 1,615, 1,420. கடைசி வருடம் 27 டச்டவுன். 2002-ல் சிறந்த தாக்குதல் வீரர். மொத்தம் 8,172 யார்ட், 86 ஓட்ட டச்டவுன், டேவிஸை விட இரண்டிலும் அதிகம். அவருக்கும் உடம்புதான் முதலில் கைவிட்டது. சார்ல்ஸ் அதே அணியில் பிற்பாடு வந்தவர்: 7,563 யார்ட், டேவிஸுக்கும் இவருக்கும் வித்தியாசம் 44. ஓட்டத்துக்குச் சராசரி 5.4. ஆயிரம் முறைக்கு மேல் பந்தெடுத்து ஓடிய ரன்னிங் பேக்குகளில் அதுவே உச்சம், ஜிம் பிரௌனுக்கும் மேலே. இரண்டு பேரும் வெளியே நிற்கிறார்கள்.

வித்தியாசம் அந்த எட்டு ஆட்டம்தான். ஹோம்ஸ் கான்சஸ் சிட்டியின் முதல் ரன்னிங் பேக்காக ஆடிய ப்ளே-ஆஃப் ஒன்றே ஒன்று: 2004 ஜனவரி, இண்டியானாபொலிஸுக்கு எதிராக. 176 யார்ட், இரண்டு டச்டவுன். அணி 38-31 என்று தோற்றது. எதிரணியைத் தடுக்க அவருடைய தற்காப்பு வீரர்களால் ஒரு தடவைகூட முடியவில்லை. இண்டியானாபொலிஸ் அன்று பந்தை உதைத்துக் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. சார்ல்ஸ் கதை இன்னும் மோசம். 2014 ஜனவரியில் அதே இண்டியானாபொலிஸுக்கு எதிராக மூன்றே ஓட்டம், தலையில் அடி, வெளியே. 28 புள்ளி முன்னிலையில் இருந்த அணி 45-44 என்று தோற்றது.

மனிதனுக்குக் கிடைக்காத வாய்ப்பை வைத்து அவனை எடைபோடலாமா என்று என் மச்சினன் ஒவ்வொரு வருடமும் கேட்பான். நியாயமான கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை. டேவிஸுக்கு வாய்ப்பு கிடைத்தது, ஏழு முறை தொடர்ந்து அதை வீணாக்கவில்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஹோம்ஸ் உள்ளே போனால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

போ ஜாக்ஸன்? அவரைவிடத் திறமைசாலி உண்டா?

கிடையாது. ஆனால் 38 ஆட்டம், 2,782 யார்ட். பேஸ்பால் சீசன் முடிந்த பிறகு வந்து நாலு அரை சீசன் ஆடிவிட்டு, 1991 ஜனவரியில் இடுப்பு முறிந்து போனவர். ஒரு வருடம்கூட முழுதாக ஆடவில்லை, 1,000 யார்டையும் தொடவில்லை. சேயர்ஸைப் போல அழகு என்று சொல்லலாம். சேயர்ஸ் ஐந்து முறை ஆல்-ப்ரோ. இந்தக் கேள்விக்கு இதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஃபிராங்க் கோர் 16 வருஷம் ஓடி 16,000 யார்ட் எடுத்தாரே, நீண்ட காலம் ஆடுறதுக்கு மதிப்பே இல்லையா?

உண்டு. 241 ஆட்டம் அந்த இடத்தில் தாக்குப்பிடிப்பது சாதாரண விஷயமில்லை. ஓட்ட யார்டில் அவர் மூன்றாவது இடம். ஆனால் அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட முதல் தர ஆல்-ப்ரோ கிடையாது. அதாவது எந்த ஒரு வருடத்திலும் அந்த வருடத்தின் முதல்வர் என்று அவரைச் சொல்லவில்லை. டேவிஸைத் தொடர்ந்து மூன்று வருடம் சொன்னார்கள்.

தினமும் கடை திறந்தவருக்கு ஒரு மரியாதை, நாலே வருடம் ஊரையே வரிசையில் நிற்க வைத்தவருக்கு ஒரு மரியாதை. இரண்டு பேருக்கும் மண்டபத்தில் இடம் உண்டு என்பேன். முதலாமவருக்கு மட்டும்தான் என்றால் ஒப்ப மாட்டேன்.

டேவிஸுக்குத் திறந்த கதவுல அப்புறம் எல்லாரும் நுழைஞ்சுட்டாங்களா?

அந்தப் பயம் பாதி பலித்தது, ஆனால் கெட்டதாக அல்ல. அவரோடு அதே நாளில் தேர்வான கென்னி ஈஸ்லியும் ஏழு சீசன்தான். சிறுநீரகக் கோளாறில் ஆட்டம் முடிந்தது. பிறகு ஜாக்சன்வில்லின் டோனி பொசெல்லி, 91 ஆட்டம், 2022-ல். சான் ஃபிரான்சிஸ்கோவின் பேட்ரிக் வில்லிஸ், எட்டு சீசன், 2024-ல். கழுத்துக் காயத்தால் ஏழு சீசனோடு நின்ற ஸ்டெர்லிங் ஷார்ப் 2025-ல். இவர் டேவிஸோடு டென்வரில் ஆடிய ஷேனன் ஷார்ப்பின் அண்ணன். தம்பி 2011-லேயே உள்ளே போய், என் வீட்டிலேயே நான் இரண்டாவது சிறந்த வீரன்தான் என்று மேடையில் சொல்லிவிட்டு வந்தார். இந்தப் பட்டியலில் எந்தப் பெயரை வெளியே எடுப்பீர்கள்?

ரன்னிங் பேக் யாரும் இதில் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஹோம்ஸுக்கும் சார்ல்ஸுக்கும் கதவு இன்னும் திறக்கவில்லை.

அந்த சூப்பர் பவுல் நாயகன் விருது இல்லைன்னா, நீங்களே ஓட்டுப் போடுவீங்களா?

போன வருடம் பஜ்ஜித் தட்டோடு வந்து இதைக் கேட்டது என் மனைவி. ஆட்டத்தில் அக்கறையே இல்லாதவள், நான் தயங்கியதை மட்டும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள்.

2,008 யார்ட் இருக்கட்டும், இரண்டு தாக்குதல் வீரர் விருது இருக்கட்டும், எட்டு ப்ளே-ஆஃபை மட்டும் எடுத்துவிடுங்கள். அப்போது அவர் ஹோம்ஸ் பக்கத்தில் நிற்கிற இன்னொரு நல்ல ரன்னிங் பேக். என் ஐந்து ஓட்டில் ஒன்று அவருக்கு விழுந்திருக்காது, பத்து பேர் பட்டியல் வரை வந்திருப்பார். அதைச் சொன்னதும், "அப்போ உங்க கட்சியே எட்டு ஆட்டக் கட்சிதானா?" என்றாள். ஆமாம் என்றேன். டோக்கியோவில் அந்த இரவு விமானம் கிடைத்திருந்தால் அந்த எட்டும் இல்லை என்று சேர்த்துக்கொண்டேன். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.